அடிக்கடி கழட்டுவீங்களா

ரவுண்டானா தாண்டி
சேலம் ரோட்டில் மூன்றாவது கடை.
முனீர் பாஷா கண்ணாடிமேல்
ஒரு டப்பாவைக் கவிழ்க்கிறார்.
இது பனானா, இது ஸ்பேடு, இது பின்.
வாழைப்பழம், மண்வெட்டி, குண்டூசி.
ஸ்பீக்கருக்கு வாங்க வந்தவள்
சந்தைக்குள் நுழைந்துவிட்டேன் போல.

எதுவுமே வேண்டாமென்றால்
வயரைச் சீவி, முறுக்கி, அப்படியே சொருகலாம்.
காசு மிச்சம்.
இதுவரை அப்படித்தான் ஓடியது.
போன ஐப்பசியில் பிரித்துப் பார்த்தால்
செம்பு பச்சை பூத்திருந்தது,
ஊறுகாயில் மறந்த பித்தளைக் கரண்டி மாதிரி.
இடப்பக்கப் பெட்டி
இருமி இருமித்தான் பாடிக்கொண்டிருந்தது.

சுங்கச்சாவடி, ஏழாவது லேன்,
இரவு பத்து முதல் காலை ஆறு: அது நான்.
கிரானைட் ஏற்றிய ட்ரெய்லர்,
மாங்காய் லோடு, ஆம்னி பஸ்,
ஏர் பிரேக்கின் பெருமூச்சு.
வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாலும்
காதுக்குள் ஒரு டீசல் இன்ஜின்
நியூட்ரலில் நிற்கும்.
அதை அணைக்க இன்னொரு சத்தம் வேண்டும்,
கழுவித் துடைத்த சத்தம்.
ஒரு பெண் குரல், பின்னால் தம்புரா,
அவ்வளவுதான் கேட்பேன்.

தங்க முலாம் பூசினது நல்லதா என்றேன்.
"சத்தம் ஒண்ணும் கூடாதுங்க. கறுக்காது, மின்னும்."
நேர்மையான ஆள்.
ஸ்டாக் இல்லையோ என்னவோ.
"நல்ல கனெக்டர்னா
இருக்கறதே தெரியக்கூடாது.
வர்றதை அப்படியே விட்டுடணும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
வர்றதையெல்லாம் நிறுத்தி
வாங்கிக்கொண்டு விடுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பிறகு, டப்பாவைத் துழாவிக்கொண்டே,
"அடிக்கடி கழட்டுவீங்களா?"

நாலு வருஷத்தில் மூன்று வீடு.
பழையபேட்டையில் தண்ணீர் இல்லை.
ராயக்கோட்டை ரோட்டில் தண்ணீர் இருந்தது,
"தனியாவா இருக்கீங்க" என்று
வாடகை வாங்கும்போதெல்லாம் கேட்கிற
வீட்டுக்காரரும் இருந்தார்.
இப்போது டேம் ரோடு.
பதினொரு மாத அக்ரிமென்ட்டில்
ஏழு போய்விட்டது.
ஸ்பீக்கருக்கு முன்னால்
நான்தான் கழன்றுகொள்வேன் என்பதை
ஒரு கண்ணாடி மேசைமேல் வைத்துச் சொல்லமுடியுமா.
"கழட்டுவேன்."
"அப்ப பனானாதான். இழுத்தா வந்துரும்."

இழுத்தா வந்துரும்.

எட்டு எண்ணி எடுத்தவரை நிறுத்தினேன்.
இதில் நாலு போதும், ஆம்ப் பக்கத்துக்கு.
ஸ்பீக்கர் பக்கம் ஸ்பேடு கொடுங்க,
திருகி இறுக்குற மாதிரி.
ஒரு முனையாவது.

ஞாயிறு மத்தியானம், தரையில் பேப்பர் விரித்து.
பல்லால் வயரைச் சீவாதே என்று சொல்ல
ஆள் இல்லை, பல்லால்தான் சீவினேன்.
நாலாவது ஸ்பேடுக்கு அந்தத் திருகு பருமன்,
கவை ஏறவில்லை.
அதை மட்டும் வெறும் வயராகவே விட்டேன்.
பச்சை பூத்தால் பூக்கட்டும்.

முதல் தடவை
வலப்பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனது.
எதுவும் எரியவில்லை. புகை இல்லை.
குரல்தான் அறைக்குள் இல்லை.
சுவரோரம் எங்கேயோ,
மூன்றாம் வீட்டில் யாரோ பாடுகிற மாதிரி,
அடிவயிறு இல்லாமல்.

மாற்றினேன்.

வந்து நின்றாள்.
இரண்டு பெட்டிக்கும் நடுவில்,
காலண்டர் ஆணி மட்டும் இருக்கிற
வெற்றுச் சுவருக்கு முன்னால்.
அந்த இடத்துக்கு நான் வயரே இழுக்கவில்லை.
போய்க் கையை நீட்டினால் காற்று.
திரும்பி வந்து உட்கார்ந்தால்
மறுபடியும் அங்கேயே நின்று
அவசரமில்லாமல் மூச்சு வாங்குகிறாள்.
பக்கெட்டை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டேன்.

திங்கள் இரவு, ஏழாவது லேன்.
ஃபாஸ்டேக்கில் காசில்லாத ஒரு டெம்போ.
சில்லறை வாங்கும்போது சுருக்கென்றது.
நகக்கண்ணில்
முடியளவு செம்பு இழை.
பிடுங்கலாம் என்றால்
பின்னால் ஹாரன்.